இளநீர் கொடுத்தவரின் கூலி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காணியின் எல்லையையும் சொந்தக்காரரின் பெயரையும் தவிர வேறெதையும் நான் பேனா பிடித்து எழுதியதில்லை. எழுத்துக் கோணும், பிழை வரும், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. அடுப்பில் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, எதற்கு அடுப்பை மூட்டினேன் என்று யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு பின்னுக்குப் போய் நிற்பதுதான் என் வழக்கம். வாயால் சொல்ல வெட்கமானதைக் கையால் எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. அதனால்தான் எழுதச் சம்மதித்தேன்.

காணித் தரகர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். "உம்மா, தரகுக்குப் புதுசா வாற ஆக்களுக்கு உங்கட அனுபவத்த எழுதித் தாங்க. புத்தகத்துல போடுவம். நல்லதா நாலு விசயம் எழுதுங்க" என்றார்கள். நானும் நல்லதாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆண் பிள்ளைக்குப் போனில் ஏதோ வந்தது. பார்த்துவிட்டு மற்றவளிடம் சொல்லிச் சிரித்தான்.

"கனடாப் பார்ட்டிக்கு நான்தான் முதல் லொகேஷன் அனுப்பினன். இனி ஆர் வித்தாலும் எனக்குப் பங்கு வரத்தான் வேணும்."

"அது அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிறகு பாப்பம் உம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் ஏறியது. அவர்கள் போன பிறகும் இறங்கவில்லை. ஆகவே நல்லதாக நாலு விசயம் இல்லை, கோபமாக ஒரு விசயம் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாதீர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது, சண்டையில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சனம் மூட்டையோடு கல்பிட்டிப் பக்கத்து இந்தக் கரைக்கு வந்த காலத்தில். அவர்களுக்குக் கொட்டில் போட ஒரு துண்டு நிலம் வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குச் சும்மா கிடக்கிற தென்னங்காணி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டிலும் மௌத்தாகிச் சாவு விழுந்த வீட்டிலும் பெண்களோடு குந்தியிருந்தால் அதெல்லாம் காதில் விழும். இரண்டு பக்கத்துக்கும் நடந்தேன். நடந்தது கூலியானது. அப்போது பெண் தரகர் என்று ஒருவரும் இல்லை. உப்பளத்தில் கங்காணியாக இருந்து தரகுக்கு வந்த ஒரு மனிதர்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தன் கூலி எவ்வளவு என்று சொல்லாமல் காணியின் வேலிக் கதவில், அந்தப் படலையில், கை வைக்கமாட்டார். வெயிலில் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். கேட்டுவிட்டுத் திரும்பிப் போன ஆட்களும் உண்டு. "வாய மூடிட்டு உள்ள கூட்டிட்டுப் போனா என்னவாம்? காணியக் கண்டா ஆசை வருந்தானே" என்று அவருடைய பெண்சாதி ஏசுவா. "அதுக்குத்தான் வெளியில வெச்சுச் சொல்றன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். நானும் கடைசிவரை படலைக்கு வெளியே நின்றுதான் சொன்னேன். கூலியைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வெட்கம் வந்ததில்லை.

இனி இளநீர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதியவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது.

முந்தி காணி பார்க்க வருகிற ஆளைத் தரகர் அந்தக் காணித் தென்னையிலிருந்தே ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரிப்பது வழக்கம். அடுத்தவன் மரத்தில் கண்டவனும் கத்தி வைக்க முடியாது. ஆகவே வெட்டிக் கொடுக்கிறவருக்குச் சொந்தக்காரரின் சம்மதம் இருக்கிறது என்று அர்த்தம். வாங்கிக் குடிக்கிறவர், "சரி, உன்னை நடுவில் வைத்துப் பேசுகிறேன்" என்று ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அதன் பிறகு அந்தக் காணி எந்தத் தரகர் கையால் விற்றாலும் இளநீர் கொடுத்தவருக்கு ஒரு பங்கு போகும். கொடுக்கிறவருக்கும் குடிக்கிறவருக்கும் இது தெரிந்திருந்த காலத்தில் அதில் ஒரு குற்றமும் இல்லை. இந்தக் கரையில் பிறந்த ஆள் காணி பார்க்கப் போனால் நாக்கு வறண்டாலும் யோசித்துத்தான் கை நீட்டுவார்.

வெளியிலிருந்து வருகிறவருக்கு அது தெரியுமா? அவருக்கு அது வெயிலுக்கு ஒரு இளநீர். தந்தவர் ஒரு நல்ல மனிதர்.

உடப்பு என்கிற மீனவ ஊரில் ரவி என்று ஒருவர் போன் திருத்துகிறார். டிப்பர் லொறி அடித்து இடுப்புக்குக் கீழே வேலை செய்யாது. சக்கரக் கதிரையில் இருந்துதான் வேலை. ஒரு நாள் என் போனைத் திருத்திவிட்டு, "கூலி வேணாம் உம்மா. எனக்கு ஒரு வீடு பிடிச்சுத் தாங்க" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன். அவர் வாயில் பகிடி இல்லாமல் ஒரு வார்த்தை வராது.

பகிடி இல்லை. அவர் வாடகைக்கு இருந்த அறையை வீட்டுக்காரர் தன் மருமகனுக்குக் கொடுக்கப் போகிறார். மாத முடிவில் வெளியேற வேண்டும். அந்த அறைக்கும் ஏறப் படிகள். தூக்கித்தான் ஏற்ற வேண்டும். கக்கூசு வளவின் பின்புறம். அதற்கும் தூக்க ஆள் வேண்டும். "என்ட வயிறு உம்மா, அடுத்த வீட்டு அண்ணன் கடலால வாற நேரம் பாத்துத்தான் வேலை செய்யும். பௌர்ணமிப் போயா நாளையில அவர் கடலுக்குப் போறல்ல, அண்டைக்கு எனக்குப் பெருநாள்" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்து நினைக்கச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஒரு அக்கா, வசந்தி. ரவி இந்தப் பக்கம் வருமுன்னமே, சின்ன வயதில் வடக்கிலிருந்து வள்ளத்தில் போய், எங்கெங்கோ சுற்றி, நோர்வேயில் போய் நின்றவ. அங்கே வயது போனவர்களைப் பராமரிக்கிற இடத்தில் வேலை. இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு, சேர்த்த காசோடு, தம்பிக்கு ஒரு வீடு வாங்க லீவில் வந்திருந்தா. இந்தப் பக்கத்தை முன்பின் கண்டதில்லை. எங்களுக்கு அவ வெளிநாட்டு ஆள். அவவுக்கு நாங்கள்தான் வெளிநாடு.

வீடு ஏற்கெனவே அவவுடைய கண்ணில் பட்டிருந்தது. உடப்புக்கு வருகிற வழியில், ரோட்டோடு சமமான நிலத்தில், ஒரு சின்ன வீடு. முத்தையா, பார்வதி என்று புருஷன் பெண்சாதி. மகளோடு போய் இருப்பதற்காக விற்கிறார்கள். திரீவீல் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். விலை எட்டவில்லை. அதனால்தான் ரவி என்னிடம் வந்தது.

நான் வசந்தியைப் படலைக்கு வெளியே நிறுத்தி என் கூலியைச் சொன்னேன். வாங்குகிறவரிடம் இவ்வளவு, விற்கிறவரிடம் இவ்வளவு, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

அவ என்னைப் பார்த்து, "இஞ்ச வந்து இதை முதலில சொன்ன ஆள் நீங்கள்தான் அம்மா. எங்கட நாட்டில இப்பிடித்தான், முதலில சொல்லிப்போட்டுத்தான் வீட்டைக் காட்டுவினம்" என்றா.

"முந்தி வந்தப்போ இங்க ஆராவது எதாவது குடுத்தாங்களா? குடிக்கத் திங்க?" என்று கேட்டேன். எப்போதும் கேட்கிற கேள்வி.

"வீட்டுக்கார ஆக்கள் இளநீர் தந்தவை. நல்ல சனம்."

வீட்டுக்காரர் கொடுத்தது என்றால் கணக்கில் இல்லை. நான் நிம்மதியாகப் பார்வதியின் குசினிக்குள் போய் வெங்காயம் உரித்துக்கொண்டே கதைத்தேன். அவர்கள் கேட்கிற உண்மையான விலை வேறு. யாரோ மேலே தூக்கி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உண்மை விலைக்கு வாங்கினால் வசந்தியின் கையில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் என்னென்ன கட்டலாம் என்று அவ அன்றைக்கே அந்த வீட்டில் நின்று இடம் காட்டினா. "இஞ்ச வாசலில படிக்குப் பதிலாச் சக்கரக் கதிரைக்கு ஒரு சரிவு. இந்த அறையோட கக்கூசு. கதவு அகலம். ஆரும் தூக்கத் தேவையில்ல." சொல்லும்போது கையால் காற்றில் கதவை அளந்தா.

கையெழுத்து நாள் வந்தது. பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் அலுவலகக் கந்தோர் சிலாபத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில். ரவியும் பார்க்க வேண்டும் என்று வந்தார். படி செங்குத்து, தூக்க முடியவில்லை. "நீங்க போங்க. நான் கீழ நிண்டு வீடு ஓடிப் போகாமப் பாத்துக்கொள்ளுறன்" என்று மருந்துக்கடை நிழலில் நின்றுகொண்டார்.

மேலே எல்லோரும் கதிரையில் இருந்தோம். நான் கதவடியில். நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரத்தை வாசிக்க ஆயத்தமானார். அப்போது படியில் சப்பாத்துச் சத்தம். கக்கத்தில் பைலோடு ஒருவர் வந்தார். பின்னால் அந்தத் திரீவீல்காரர்.

அவரும் தரகர்தான், எங்கள் தொழிலில் அவரைப் பைல் நானா, அதாவது பைல் அண்ணன், என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு இளையவர். சேர்ந்து எத்தனையோ காணி விற்றிருக்கிறோம். பைலுக்குள் என்ன இருக்கும் என்று ஒருவரும் கண்டதில்லை.

"வசந்தி தங்கச்சி, எல்லாம் நல்லபடியா முடியிது, சந்தோசம். அப்ப எங்கட விசயத்தையும் முடிச்சா நல்லம்" என்றார்.

"என்ன விசயம்?"

"கொமிஷன். வீட்டு விலையில நூத்துக்கு அஞ்சு. இவருக்கு வேறயா ஒரு சந்தோசக் காசு."

வசந்தி திகைத்துப் போனா. "நீங்கள் வீட்டுக்காரரின்ர ஆள் எண்டெல்லோ நான் நினைச்சது. இளநீர் வெட்டித் தந்தது நீங்கள்தானே?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவ வீட்டுக்கார ஆக்கள் என்று சொன்னது இவரை.

"நான் வீட்டுக்காரர்ட ஆள் எண்டு ஒரு நாளும் சொல்லல்லயே, தங்கச்சி."

"நான் கேட்டனான். உங்களுக்கு ஏதும் தரவேணுமோ எண்டு கேட்டனான். பிறகு பாப்பம் எண்டு சொன்னீங்கள்."

"ஓம். அந்தப் பிறகுதான் இப்ப வந்தீக்கி."

இந்த இடத்தை நன்றாக வாசியுங்கள் பிள்ளைகளே. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் என்னை எரிக்கிறது. பொய் சொல்லுகிறவனைப் பொய்யன் என்று சொல்லலாம். "பிறகு பாப்பம்" என்று சொல்லுகிறவனை என்ன சொல்லுவது? அவ நேராகக் கேட்டிருக்கிறா. கேட்ட ஆளுக்கு நேரே பதில் சொல்லாமல், அவ திரும்பிப் போக முடியாத ஒரு நாள் வரும்வரை பொறுத்திருந்து அந்த வார்த்தையை வெளியே எடுப்பது கையில் கத்தி இல்லாத கொள்ளை.

வசந்தியின் லீவு முடிகிறது. ரவியின் அறை போகிறது. காசு இந்த வீட்டுக்கும் அந்தச் சரிவுக்கும் அந்தக் கக்கூசுக்கும் மட்டும். நூற்றுக்கு ஐந்து கொடுத்தால் வீடு வரும். வாசலில் படி அப்படியே இருக்கும். கக்கூசு வளவின் பின்னால் அப்படியே இருக்கும்.

"என்னட்ட அவ்வளவு இல்ல" என்றா வசந்தி.

"நோர்வேயில இருந்து வந்திட்டு அப்பிடிச் சொல்லலாமா? உங்களுக்கு அது ஒரு மாசச் சம்பளம்."

"கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டிக் கழுவின சம்பளம் ஐயா அது! இஞ்ச என்ட தம்பியைத் தூக்க ஆளில்லாமல், அங்க நான் ஊராரின்ர தகப்பன்மாரைத் தூக்கின காசு!"

பைல் நானா முத்தையாவின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, அவசரமில்ல. கையெழுத்த நாளைக்கும் போடலாம். ஹோட்டலுக்கு இடம் தேடுற ஆக்கள் ஒரு விலை சொன்னாங்க. கேட்டா உங்களுக்கே ஆச்சரியமா ஈக்கும்." முத்தையா நிலத்தைப் பார்த்தார். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரகுச் சண்டை தனக்கு வேண்டாம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு அந்த இடத்தில் வாய் வராது. மேசை, மின்விசிறி, கதிரை எல்லாம் இருக்கிற இடத்தில் எந்த அநியாயமும் ஒழுங்கான கதை மாதிரித்தான் கேட்கும். நூற்றுக்கு ஐந்து என்றால் அது ஒரு கணக்கு. ஒரு மனிதனின் கக்கூசு என்று ஒருவருக்கும் தோன்றாது. நான் எழும்பி நின்று, "கீழ போய்க் கதைப்பம்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "ரவி கீழ ஈக்கிறார். அவர்ட வீடு. அவருக்கு முன்னுக்குக் கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். திரும்பிப் பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும்.

வந்தார்கள். மருந்துக்கடை வாசலில் ரவியைச் சுற்றி நின்றார்கள். விசயத்தை வசந்தி அழுகையும் கோபமுமாகச் சொன்னா.

ரவி கேட்டுவிட்டு, "நானா, அக்காவுக்கு மட்டும் வெட்டிக் குடுத்து நட்டப்பட்டுப் போனீங்களே. எனக்கும் ஒண்டு கொண்டு வந்து தந்திருந்தா நூத்துக்குப் பத்துக் கேட்டிருக்கலாமே?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து சிரித்தார். பைல் நானாவுக்குச் சுருக்கென்றது. "பகிடி விடாதீங்க தம்பி. இது தொழில்."

திரீவீல்காரர் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றவர், "நானா, எனக்கு அக்கா அண்டைக்கே ஓட்டக்கூலி தந்திட்டா. என்ட கணக்கு முடிஞ்சு" என்று சொல்லி வண்டிப் பக்கம் போய்விட்டார்.

பார்வதி புருஷனை மடக்கிக் கேட்டா. "நம்மட மரத்துல வெட்டச் சொன்னது ஆரு?"

உண்மையைச் சொன்னால், எனக்கு அதில்தான் நம்பிக்கை இருந்தது. சொந்தக்காரர் சொல்லாமல் வெட்டியிருந்தால் வழக்கப்படி அது செல்லாது. பைல் நானா திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் முத்தையா பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நான்தான் சொன்னன். வெயில்ல வந்தீக்காங்க, தாகத்துக்குக் குடுங்க எண்டு சொன்னன். கூலிக்குக் குடுங்க எண்டா சொன்னன்?"

"தாகமோ என்னவோ, சம்மதம் அண்ணன்ட, வெட்டினது நான், குடிச்சது அவ" என்றார் பைல் நானா. பிறகு என் பக்கம் திரும்பினார். தொழிலில் எல்லோருக்கும் நான் ராத்தா, மூத்த அக்கா. "ராத்தா, நீங்க சொல்லுங்க. வழக்கம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பங்கு ஈக்கா இல்லயா?"

எல்லோருடைய கண்ணும் என்மேல். வசந்தியின் கண்ணும். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு முடிந்திருக்கும். ஆனால் அது பொய். நான் ஒரு பொய்யைச் சொன்னால் பிறகு படலையில் நின்று நான் சொல்லுகிற கூலியை யார் நம்புவது?

"ஓம். வழக்கப்படி உங்களுக்குப் பங்கு ஈக்கி" என்றேன்.

வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"ஆனா அது என்ட கூலியில ஈக்கிற பங்கு. பார்ட்டிட காசுல இல்ல. இளநீர் வழக்கம் தரகருக்குள்ள உள்ள வழக்கம். அவ தரகு இல்ல. தெரியாம குடிச்ச ஆள்ட்ட வழக்கத்தச் சொல்லிக் காசு பறிக்க ஏலாது. எனக்கு வரப்போற கூலி முழுக்க உங்களுக்கு. ரெண்டு பக்கத்துக் கூலியும். இப்பவே எடுங்க. எடுத்துட்டு, இந்த வீட்டுல எனக்கு வேற ஒண்டும் வரவேண்டியதில்ல எண்டு இவ்வளவு பேருக்கும் கேக்கச் சொல்லுங்க. ஹோட்டல் கதையும் இனி வரப்படாது."

வாழ்க்கையில் ஆண்களுக்கு நடுவில் நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றுதான். முக்காட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

அவர் வெட்கப்பட்டு, "வேணாம் ராத்தா" என்று சொல்லுவார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஓரத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு வைத்திருந்தேன். அவர் எடுத்தார். வசந்தி எனக்கென்று கொண்டு வந்ததையும் முத்தையா எனக்கென்று வைத்திருந்ததையும் என் கண்ணுக்கு முன்னால் வாங்கிப் பைலுக்குள் வைத்தார். அன்றைக்குத்தான் அந்தப் பைலுக்குள் ஏதோ போவதைக் கண்டேன். "எனக்கு வேற ஒண்டும் வரவேண்டியதில்ல" என்று மருந்துக்கடைக்காரர்வரை கேட்கச் சொன்னார். போய்விட்டார்.

மேலே போய்க் கையெழுத்து வைத்தார்கள். முடிந்து இறங்கும்போது வசந்தியிடம், "மகள், மனசுல ஒண்டும் வெச்சுக்கொள்ளாதீங்க" என்றேன்.

அவ நின்று சொன்னா: "அம்மா, நீங்கள் காசு விட்டுக் குடுத்தது எனக்குத் தெரியும். ஆனா அந்த வழக்கம் சரி எண்டு சொன்னதும் நீங்கள்தானே. இஞ்ச வந்திறங்குற என்னைப் போல ஆக்களுக்கு நீங்கள் எல்லாரும் ஒரே ஆக்கள்தான்."

அது குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது. என் கோபத்தில் பாதி அவ சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லாததால் வருகிற கோபம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பைல் நானாவும் நானும் ஒரு படலையின் இரண்டு தூண்கள் மாதிரித்தான் தெரிவோம். அவ பிழையாகச் சொல்லவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ராத்தா பார்ட்டிக்கு முன்னால் தரகரைக் காட்டிக் கொடுத்துவிட்டா என்று கல்பிட்டி ரோடு முழுக்கக் கதை போனது. யாரும் ஏசவில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். காணி இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அப்படித்தான் நான் தொழிலை விட்டேன். வயது போய்விட்டது என்று நீங்கள் புத்தகத்தில் போடப் பார்ப்பீர்கள். அப்படிப் போடாதீர்கள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். இப்போது ஒருவரும் மரத்தில் ஏறுவதில்லை. லொகேஷன் அனுப்புகிறீர்கள். அதுதான் உங்கள் இளநீர். கனடாவில் இருக்கிற ஒருவர், காணியைப் பார்க்கலாமே என்று விரலால் தட்டுகிறார். அந்தத் தட்டலுக்குள் நீங்கள் ஒரு பங்கை ஒளித்து வைக்கிறீர்கள். முதலில் அனுப்பினவருக்கு ஒன்று, படம் எடுத்தவருக்கு ஒன்று, படத்தை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டவருக்கு ஒன்று. உங்களுக்குள் சட்டம் போட்டு வைத்திருக்கிறீர்களாம். போடுங்கள். உங்களுக்குள் எப்படியும் பிரித்துக்கொள்ளுங்கள், அடித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையெழுத்து நாளில், ஒரு ஆள் விமானம் ஏறப்போகிற நாளில், அவர் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். வைப்பதாக இருந்தால் லொகேஷனோடு சேர்த்து முதலிலேயே அனுப்புங்கள். "இதைத் தட்டினால் எனக்கு இவ்வளவு" என்று எழுத எவ்வளவு நேரம் போகும்? உங்கள் விரல் எவ்வளவு வேகம் என்று நான் பார்த்தேன்.

ஆள் ஓடிவிடும் என்கிறீர்கள். ஓடட்டும். ஓடுகிறவருக்கு ஓட வழி இருக்கும்போது சொல்லுவதுதான் சொல்லுவது. வழியை அடைத்துவிட்டுச் சொல்லுவதற்குப் பெயர் வேறு.

யாராவது உங்களிடம், "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டால், அந்த இடத்திலேயே தொகையைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தொகை தெரியாவிட்டால், தெரியும்வரை அவரைக் காணிக்குள் கூட்டிப் போகாதீர்கள். "பிறகு பாப்பம்" என்று என் முன்னால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

கோபத்தில் எழுதியதில் விபரங்கள் பிசகியிருக்கலாம். நொத்தாரிசின் கந்தோர் மருந்துக்கடைக்கு மேலேயா, பக்கத்திலா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பைல் நானா கேட்டது நூற்றுக்கு ஐந்தா, நாலா என்றும் தெரியவில்லை. முத்தையாவும் பார்வதியும் மகளோடுதான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்லுவார்கள். யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.

இன்னுமொன்று. கையெழுத்து வைத்த பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வசந்தியின் முகம்தான் நினைவுக்கு வரும். ரவிக்குப் போன் எடுத்துக் கேட்டேன், சரிவு போட்டாச்சா, அறையோடு கக்கூசு கட்டியாச்சா என்று. "போட்டாச்சு உம்மா. நேத்து அதுல சறுக்கி நேரா கடலுக்கே போயிட்டன். இப்ப வள்ளத்துல இருந்துதான் கதைக்கிறன்" என்றார். கக்கூசைப் பற்றிக் கேட்டதற்கு, "அடுத்த வீட்டு அண்ணன் என்னோட கோவம், தன்னத் தேடுறல்லயாம்" என்றார். அந்த மனிதரிடம் ஒரு நேரான பதில் வாங்க முடியாது. உடப்புப் பக்கம் காணி காட்டப் போகிற யாராவது ஒருவர் ஒரு நிமிடம் நின்று, வாசலில் படி இருக்கிறதா சரிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வந்து இங்கே எழுதிவிடுங்கள். அவர் இளநீர் தருவார். அந்த வீட்டில் பயமில்லாமல் வாங்கிக் குடிக்கலாம்.